லாக்ஸ்டன்: நிலம் யார் பெயரில் இருந்தது, ஏரை யார் பிடித்தார்கள்?

வரப்போரம்

எல்லோருக்கும் வணக்கம். போன நவம்பர் கடைசி வியாழக்கிழமை நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற சிறிய ஊருக்குப் போய்வந்தேன். நியூவார்க்கிலிருந்து வடக்கே காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அன்றைக்கு அங்கே 'ஜூரி நாள்'. ஊர்க் குத்தகைதாரர்களில் பன்னிரண்டு பேரும் அவர்களுக்குத் தலைவராக ஒருவரும் சேர்ந்து, புதிதாகக் கோதுமை விதைத்த வயலைச் சுற்றிப் பார்க்கிறார்கள். டிராக்டருக்குப் பின்னால் இழுவண்டியைக் கட்டி, அதில் ஏறிப் போகிறார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன்.

வயலுக்கு நடுவில் வேலியோ வரப்போ கிடையாது. கண்ணுக்கு எட்டும் தூரம் ஒரே வெளி. அதற்குள் நீள நீளமான பட்டைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு குத்தகைதாரருடையது. ஒரு பட்டையின் முனையில் நின்று ஒரு பெரியவர் மறுமுனையை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். இன்னொருவர் மண்வெட்டியால் குழி போட, மூன்றாமவர் மர முளையை வைத்துச் சுத்தியலால் அடித்தார். சேறு முழங்கால் வரைக்கும். பக்கத்துப் பட்டையில் ஒரு சால் உள்ளே தள்ளி உழுதிருந்தாலோ, பொதுப் புல்தரையைக் கொஞ்சம் சேர்த்து உழுதிருந்தாலோ அங்கேயே குறித்துக்கொள்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை டவ்கோட் என்ற மதுக்கடையில் மேனர் நீதிமன்றம் கூடி அபராதம் போடும்.

இது அருங்காட்சியக விளையாட்டு இல்லை. அவர்கள் நிஜமாகவே அந்த வயலில் பிழைக்கிறவர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரே கேள்விதான் மண்டையில். இந்த நிலம் ஆயிரம் வருடமாக யார் யார் கையில் இருந்தது? உழுதவர்களுக்கு எந்த உரிமை இருந்தது? இந்தக் குளிர்காலம் முழுக்க அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் பாதியை இங்கே போடுகிறேன்.

1066க்கு முன் இந்த ஊர் டோக்கி என்ற ஆங்கிலேய நிலப்பிரபுவிடம் இருந்தது. பிரான்ஸிலிருந்து நார்மன்கள் வந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். 1086இல் நாட்டின் நிலத்தையெல்லாம் எண்ணி எடுத்த டூம்ஸ்டே கணக்கில் உரிமையாளர் ஜெஃப்ரி ஆல்செலின். ஊரில் இருந்து பார்த்துக்கொண்டவர் அவருடைய ஆள் வால்டர். அந்தக் கணக்கில் மக்களும் இருக்கிறார்கள்: 22 வில்லன்கள், 7 குடிசைவாசிகள், 5 அடிமைகள், ஒரு அடிமைப் பெண். இவர்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை. ஏர்களை எண்ணியது போலவே இவர்களையும் எண்ணியிருக்கிறார்கள்.

அடுத்து டி கோ குடும்பம். ஷெர்வுட் காட்டின் பரம்பரைக் காவல் பதவியும் அவர்களிடம் இருந்ததால், லாக்ஸ்டன் ஒரு தலைமை இடமாகவே ஆகிவிட்டது. ஊருக்கு வடக்கே அவர்கள் காலத்துக் கோட்டையின் மண்மேடு இன்னும் இருக்கிறது, ஏறிப் பார்க்கலாம். மட்டில்டா டி கோ என்ற வாரிசுப் பெண் வழியாக நிலம் பிர்கின் குடும்பத்துக்குப் போனது. அங்கேயும் பெண் வாரிசுதான், இசபெல்லா. அவர் ராபர்ட் டி எவரிங்ஹாமைக் கட்டிக்கொள்ள, எவரிங்ஹாம்கள் பிரபுக்கள் ஆனார்கள். 1286 வாக்கில் காட்டுக்குக் காவல் இருந்தவரே காட்டுச் சட்டத்தை மீறியதாகச் சொல்லிப் பதவியைப் பறித்துவிட்டார்கள். நிலம் மட்டும் தங்கியது.

ஊர்த் தேவாலயத்தில் எவரிங்ஹாம்களின் படுத்த சிலைகள் இருக்கின்றன. மற்றவை கல். ஒரு மனைவியின் சிலை மட்டும் ஓக் மரத்தில் செதுக்கியது. முகமெல்லாம் தேய்ந்துபோய், மரத்தின் ரேகை மட்டும் தெரிகிறது. அதன் முன் ரொம்ப நேரம் நின்றேன்.

ஏட்டுப்பூச்சி

அருமையான இழை, வரப்போரம் அண்ணா. ஒரு அடிப்படைச் சந்தேகம். மேனர் என்றால் பெரிய மாளிகை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். நீங்கள் ஊருக்கே மேனர் நீதிமன்றம் என்கிறீர்களே? அப்புறம், 'வில்லன்' என்று எழுதியிருப்பது எழுத்துப் பிழையா?

நெடுஞ்சால்

ஏட்டுப்பூச்சி, நான் இங்கே சொத்துப் பத்திர வேலையில் இருப்பவன், அதனால் நான் சொல்கிறேன்.

மேனர் என்பது வீட்டின் பெயர் இல்லை. ஒரு பிரபுவுக்கு நிலத்தின் மேலும் அதில் வாழ்கிறவர்கள் மேலும் இருந்த உரிமைகளின் மொத்தம் அது. மேனர் ஹவுஸ் அதில் ஒரு கட்டடம், அவ்வளவுதான். உள்ளே நிலம் இரண்டு வகை. பிரபு தன் கணக்கில் பயிர் வைக்கும் சொந்தப் பண்ணை ஒன்று, அதை டெமீன் என்பார்கள். மற்றது குடியானவர்களிடம் விட்ட நிலம். குடியானவர்கள் தங்கள் நிலத்தையும் உழுது, வாரத்தில் சில நாள் பிரபுவின் டெமீனிலும் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். இன்றைக்கு இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் 'மேனர் ஃபார்ம்' என்று ஒரு பெயர்ப்பலகை இருக்கிறதே, பெரும்பாலும் அந்த டெமீனின் வழிவந்த பண்ணைதான்.

'வில்லன்' எழுத்துப் பிழை இல்லை. பிரபுவின் அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போக முடியாத, மகளைக் கட்டிக்கொடுக்கவும் பணம் கட்ட வேண்டிய பண்ணையாளுக்கு அதுதான் பெயர். நம் சினிமாவில் கெட்டவனுக்கு வைத்திருக்கும் சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். ஏழைக் குடியானவனைக் குறித்த சொல்லை மேட்டுக்குடிக்காரர்கள் வசையாக்கி, வசை கடைசியில் கொடியவனுக்குப் பெயராகிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தச் சொல்லை என்னால் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை.

உரிமை வகைகளைப் பொறுத்தவரை, ஃப்ரீஹோல்டு, அதாவது கட்டுப்பாடற்ற முழு உரிமை நிலம், வைத்திருப்பவர் அரசரின் நீதிமன்றத்துக்குப் போகலாம். வில்லனுக்கு மேனர் நீதிமன்றம் மட்டுமே. காலப்போக்கில் இந்த இரண்டாவது வகைதான் காப்பிஹோல்டு ஆனது. அப்பா இறந்தால் மகன் மேனர் நீதிமன்றத்துக்கு வந்து, அப்பாவின் நிலத்தைக் கேட்டு, நுழைவுப் பணம் கட்டுவான். அந்தப் பதிவை நீதிமன்றத்தின் ரோலில், அதாவது பதிவுச் சுருளில், எழுதி, அதன் நகலை அவன் கையில் கொடுப்பார்கள். காப்பி என்ற பெயர் அந்த நகலால் வந்தது. 'பிரபுவின் விருப்பப்படி, மேனரின் வழக்கப்படி' என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதுவார்கள். விருப்பத்தை வழக்கம் மெல்ல மெல்ல அடக்கிவிட்டது. நூறு இருநூறு வருடத்தில் நகல் வைத்திருந்தவனைச் சும்மா துரத்த முடியாத நிலை வந்துவிட்டது.

பல ஊர்களில் அப்பா இறந்தால் வீட்டின் சிறந்த மாட்டைப் பிரபுவுக்குக் கொடுக்கவும் வேண்டும். ஹெரியட் என்று பெயர். துக்க வீட்டுக்குக் காரியஸ்தர் வந்து, தொழுவத்தில் எது நல்ல மாடு என்று பார்த்துப் பிடித்துக்கொண்டு போவார்.

காப்பிஹோல்டை ஒழித்தது 1922 சொத்துச் சட்டம். 1926 ஜனவரி 1 முதல் அமலானது. நூறு வருடம்தான் ஆகிறது!

வரப்போரம்

நன்றி நெடுஞ்சால் ஐயா. நகல் விஷயம் எனக்கே புதிது.

சரி, இரண்டாம் பாதி. எவரிங்ஹாம்களுக்குப் பிறகு ரூஸ் குடும்பம். 1600களின் தொடக்கத்தில் அவர்கள் கடனில் மூழ்கி விற்க வேண்டியதாயிற்று. இடையில் அரசருக்கு நெருக்கமான பக்கிங்ஹாம் டியூக் கைக்குப் போய், 1625இல் சர் வில்லியம் கோர்ட்டன் வாங்கினார். இவர் பிரபு பரம்பரை இல்லை. ஃபிளாண்டர்ஸிலிருந்து அகதியாக வந்த குடும்பத்து வாரிசு, லண்டனில் பெரிய வியாபாரி. பார்படாஸில் 1627இல் முதல் ஆங்கிலக் குடியேற்றத்துக்குப் பணம் போட்டவரும் இவரே.

வியாபாரி இல்லையா, வாங்கிய சரக்கு என்னவென்று பார்க்க நினைத்திருக்கிறார். மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளரை அழைத்து ஊர் முழுவதையும் அளக்கச் சொன்னார். 1635இல் வரைந்த அந்த வரைபடம் இன்று ஆக்ஸ்ஃபோர்டில் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதன் பிரதியை லாக்ஸ்டனில் பார்த்தேன். அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு பட்டையும் தனித்தனியாக, யாருடையது என்ற குறிப்போடு. வயலுக்குள் சின்னச் சின்ன மனிதர்களை வேறு வரைந்திருக்கிறார். ஒருவர் ஏர் ஓட்டுகிறார், சிலர் கதிர் அறுக்கிறார்கள், ஒரு மூலையில் வேட்டை நடக்கிறது. டூம்ஸ்டே கணக்கில் எண்ணிக்கையாக மட்டும் இருந்தவர்களுக்கு 550 வருடம் கழித்து உடம்பு வந்தது போல எனக்குத் தோன்றியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு குடியானவனின் நிலம் ஒரே இடத்தில் இல்லை. இங்கே ஒரு பட்டை, கால் மைல் தள்ளி ஒன்று, அடுத்த வயலில் ஒன்று. நல்ல மண்ணும் களிமண்ணும், மேடும் பள்ளமும் எல்லோருக்கும் கலந்து கிடைக்கும். மூன்று பெரிய வயல்களின் பெயர் மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தப் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த வருடம் வரிசை மாறும். தரிசு வருடத்தில் இப்போது தீவனப் பயிர் வைக்கிறார்கள், ஆனால் சுழற்சி அப்படியே. எல்லோரும் ஒரே பயிரை வைத்தாக வேண்டும் என்பதால்தான் நீதிமன்றமும் ஜூரியும் தேவைப்பட்டன.

கடலோடி

கோர்ட்டன் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அதே 1635இல்தான் அரசர் முதலாம் சார்லஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் தனி உரிமையையும் மீறி, கோர்ட்டன் கூட்டத்துக்குக் கீழ்த்திசையில் வியாபாரம் செய்ய அனுமதி கொடுத்தார். 1636 ஏப்ரலில் ஜான் வெடல் தலைமையில் கப்பல்கள் கிளம்பி கோவாவுக்கும் பட்கலுக்கும் வந்து, மக்காவ், கேண்டன் வரை போயின. கிளம்பிய அடுத்த மாதமே கோர்ட்டன் இறந்துபோனார். மகன் தலையில் எல்லாம் விழுந்தது. கிழக்கே போட்ட முதல் திரும்பி வரவில்லை, கடனும் பெருகியது. 1640 வாக்கில் லாக்ஸ்டனை விற்றுவிட்டார்கள் என்றால் அதில் இந்தக் கப்பல் நஷ்டத்துக்கும் பங்கு உண்டு.

நாட்டிங்ஹாம்ஷயர் களிமண்ணில் உழுகிறவனின் நிலம் கைமாறியதற்குக் கொங்கணக் கடற்கரை மிளகும் ஒரு காரணம். இந்த இழையில் இப்படி ஒன்று வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வரப்போரம்

கடலோடி அண்ணா, இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. மிக்க நன்றி.

1640இல் வாங்கியவர் கிங்ஸ்டன் பிரபு ராபர்ட் பியர்பாண்ட். அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், அரசர் பக்கம் இருந்த இவர் 1643இல் பாராளுமன்றப் படையிடம் பிடிபட்டு, படகில் ஹல்லுக்குக் கொண்டுபோகும்போது, கரையிலிருந்து தன் தரப்பு ஆட்களே சுட்ட குண்டில் இறந்தார். அவருடைய வாரிசுகள் டியூக் ஆனார்கள். இரண்டாவது டியூக் 1773இல் பிள்ளை இல்லாமல் இறந்தார். அவர் மனைவி எலிசபெத் சட்லி, முதல் கணவர் உயிரோடு இருக்கும்போதே டியூக்கைக் கட்டிக்கொண்டதாக 1776இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் வழக்கு நடந்து, குற்றம் நிரூபணமானது. ஆனால் டியூக்கின் உயில் செல்லும் என்பதால் ஆயுள் முழுக்க வருமானம் அவருக்கே. 1788இல் பாரிஸில் அவர் இறக்கும் வரை லாக்ஸ்டன் குடியானவர்கள் கட்டிய வாரம், அதாவது குத்தகைப் பணம், அவருக்குப் போனது. பிறகு டியூக்கின் சகோதரி மகன் சார்லஸ் மெடோஸ் பியர்பாண்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டு சொத்துக்கு வந்தார். 1806இல் மான்வர்ஸ் பிரபு ஆனார்.

கிளைநதி

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன். இங்கிலாந்து முழுக்க வேலி போட்டு, பட்டைகளை ஒன்றாக்கி, ஏழைகளைத் துரத்தினார்கள். 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் போட்ட வேலிச் சட்டங்கள் 5,200க்கும் மேல், நிலம் 68 லட்சம் ஏக்கர். லாக்ஸ்டனில் அது முழுதாக நடக்கவில்லை. அப்படியென்றால் மான்வர்ஸ் குடும்பத்துப் பிரபுக்கள் நல்லவர்கள் என்றுதானே அர்த்தம்? பிரபுக்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

வரப்போரம்

கிளைநதி, நல்லவர்களா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் வேலி வராததற்குக் காரணம் மனசு இல்லை. நிலம் ஒரே கையில் இல்லாததுதான் காரணம்.

மான்வர்ஸ்தான் மேனரின் பிரபு என்றாலும், ஊரில் இரண்டாவது பெரிய நிலக்காரர் ஸ்கார்பரோ பிரபு. இவர்களுக்கு நடுவே சின்ன ஃப்ரீஹோல்டர்கள் வேறு. ஒருவர் பட்டைக்குப் பக்கத்தில் இன்னொருவர் பட்டை. வேலி போட வேண்டுமென்றால் அளவையாளர், ஆணையர், வக்கீல் எல்லோருக்கும் செலவு. அதற்கு மேல் மைல் கணக்கில் முள்வேலிச் செடி நட வேண்டும். இரண்டு பிரபுக்களும் ஒத்துப்போகவில்லை. மான்வர்ஸ் மற்றவர்களின் நிலத்தைச் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்து முடிப்பதற்குள் 19ஆம் நூற்றாண்டே ஓடிவிட்டது, விவசாய விலைகளும் விழுந்துவிட்டன. இனி அவ்வளவு செலவு எதற்கு என்ற நிலை. அதோடு, எதுவுமே மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. 18ஆம் நூற்றாண்டிலேயே ஊர் ஓரத்து நிலங்கள் பல வேலிக்குள் போய்விட்டன. 1900களின் தொடக்கத்தில் மான்வர்ஸ் எஸ்டேட் பட்டைகளை இணைத்து அகலமாக்கியது. மூன்று வயலும் சேர்த்து இன்று மிஞ்சியிருப்பது சுமார் 480 ஏக்கர்.

ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மான்வர்ஸ் காலத்தில் சிறிய பண்ணைகளை அழிக்காமல் வைத்திருந்தார்கள். கூலியாளாக இருந்தவர் நாலு பட்டை குத்தகைக்கு எடுத்து, பிறகு பத்து, பிறகு ஒரு முழுப் பண்ணை என்று ஏறி வர முடிந்தது.

கிளைநதி

ஏற்றுக்கொள்கிறேன், அண்ணா. இரண்டு பிரபுக்கள் இருந்த விஷயம் எனக்குத் தெரியாது.

மரக்கால்

ஒரு பிரபுவே மாறாத இடத்தில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டுமா? ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் கக்ஸம். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வால்டர் டி மெர்ட்டன் 1270களில் ஆக்ஸ்ஃபோர்டில் தான் தொடங்கிய மெர்ட்டன் கல்லூரிக்கு இந்த மேனரைக் கொடுத்தார். கல்லூரி சாகாது, பிள்ளை இல்லாமல் போகாது, போரில் சுடப்படாது. அதனால் கணக்குச் சுருள்கள் அப்படியே கல்லூரியில் தங்கின. லாக்ஸ்டனில் பிரபுக்களின் கதை கிடைக்கிறது. கக்ஸத்தில் ஒரு வில்லனின் கதையே கிடைக்கிறது.

அவர் பெயர் ராபர்ட் ஓல்ட்மேன். டெமீனைப் பார்த்துக்கொள்ள, குடியானவர்களிலிருந்தே ஒருவரை ரீவ் என்று நியமிப்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் கணக்குப்பிள்ளையும் மேஸ்திரியும் சேர்ந்த வேலை. 1311 முதல் 1349 வரை, 38 வருடம், இவர்தான் ரீவ். சட்டப்படி பிரபுவுக்குக் கட்டுப்பட்ட ஆள். ஆனால் கல்லூரிக்காக ஆயிரம் விவகாரம் பார்த்தவர். வருடக் கடைசியில் எத்தனை குவார்ட்டர் (அந்தக் காலத் தானிய அளவு) கோதுமை விளைந்தது, விதைக்கு எவ்வளவு, விற்றது எவ்வளவு, எத்தனை வாத்து செத்தது என்று வாயால் கணக்குச் சொல்வார். எழுத்தர் லத்தீனில் எழுதுவார். குறைந்தால் அவர் கைக்காசு.

ஆலைக்கு மாவரைக்கும் கல் தேவைப்பட்டு, 1330களின் தொடக்கத்தில் ஓல்ட்மேன் லண்டன் வரை போயிருக்கிறார். பிரான்ஸ் கல். பேரம் படிந்ததும் குடித்த ஒயின் செலவு வரைக்கும் கணக்கில் இருக்கிறது. தேம்ஸ் வழியாகப் படகில் ஹென்லி வரை கொண்டுவந்து, அங்கிருந்து வண்டியில் ஊருக்கு. ஊரை விட்டுப் போகச் சட்டம் இடம் கொடுக்காத ஒருவர், தலைநகர் வியாபாரியோடு உட்கார்ந்து ஒயின் குடித்து விலை பேசியிருக்கிறார். சட்டத்தில் இருந்த அடிமைத்தனத்துக்கும் வாழ்க்கைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தது என்று எனக்குக் காட்டியது இந்த ஒரு பதிவுதான்.

பிறகு 1349, கறுப்பு மரணம் என்ற கொள்ளைநோய். ஓல்ட்மேன் அந்த வசந்தத்தில் இறந்தார். பொறுப்பேற்ற மகனும் சீக்கிரமே போனார். அந்த வருட முடிவுக்குள் கக்ஸத்தில் வில்லன் நிலம் வைத்திருந்த பன்னிரண்டு பேரும் இல்லை. ஒருவர்கூட மிஞ்சவில்லை. நிலம் காலி, எடுக்க ஆள் இல்லை. வந்தவர்கள் வேலை நாள் செய்ய முடியாது, பணமாகத்தான் வாரம் கட்டுவோம் என்றார்கள். கல்லூரி ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் டெமீனையே குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். நெடுஞ்சால் ஐயா சொன்ன மேனர் ஃபார்ம் இங்கேதான் பிறக்கிறது. பிரபு கணக்கில் நடந்த பண்ணை, குத்தகைக்காரர் கணக்குக்கு மாறுகிறது. குத்தகைக்காரர் கணக்கை எழுதிக் கல்லூரிக்கு அனுப்பத் தேவையில்லை. அதனால் வாத்து எத்தனை செத்தது என்ற தகவல் அதோடு நின்றுபோகிறது.

நெடுஞ்சால்

மரக்கால், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

'வாரம் கட்டுவது' பின்னால் எப்படி மாறியது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான பண்ணைகள் வருடக் குத்தகை. மார்ச் 25 லேடி டே, அல்லது செப்டம்பர் 29 மைக்கேல்மஸ், இந்த நாட்களில் கணக்குத் தீர்ப்பார்கள். பிரபு விரும்பவில்லை என்றால் முன்னறிவிப்பு கொடுத்து வெளியே போகச் சொல்லலாம். 1948 விவசாயக் குத்தகைச் சட்டம்தான் பெரிய திருப்பம். ஒழுங்காக விவசாயம் செய்து வாடகை கட்டுகிறவரை ஆயுள் முழுக்க அசைக்க முடியாது. 1976இல் இன்னும் ஒரு படி: மகனோ மகளோ அதே நிலத்தை நம்பிப் பிழைத்திருந்தால், இரண்டு தலைமுறை வரை குத்தகையைத் தொடரலாம். நில உரிமையாளர்கள் பயந்துபோய்ப் புதிதாகக் குத்தகைக்கு விடுவதையே குறைத்தார்கள். அதனால் 1984 ஜூலைக்குப் பிறகு போட்ட ஒப்பந்தங்களுக்கு வாரிசு உரிமை இல்லை. 1995 செப்டம்பர் 1க்குப் பிறகு வந்தது ஃபார்ம் பிசினஸ் டெனன்சி, இரு தரப்பும் பேசிக்கொள்கிற வருடக் கணக்கு. பெரும்பாலும் குறுகிய காலம்தான்.

அதாவது 14ஆம் நூற்றாண்டில் ஆள் பஞ்சம் கொடுத்த பிடியை 1976இல் சட்டம் கொடுத்தது. எட்டே வருடத்தில் திரும்ப வாங்கிக்கொண்டது. என் மேசைக்கு வரும் பழைய குத்தகைப் பத்திரங்களில் 'பேரன் வரை' என்று ஒரு பண்ணை நிற்கும்போது, அந்தப் பேரனுக்குப் பிறகு என்ன என்ற கேள்வி கூடவே நிற்கும்.

லாக்ஸ்டன் நீதிமன்றம் பற்றியும் ஒன்று. 1977இல் நீதி நிர்வாகச் சட்டம் பழைய மேனர் நீதிமன்றங்களின் அதிகாரத்தைப் பொதுவாக எடுத்துவிட்டது. லாக்ஸ்டனுக்கு மட்டும் திறந்த வயல்களை நிர்வகிக்கும் அதிகாரத்தை விட்டுவைத்தது. வரப்போரம் பார்த்த முளைக்குச் சட்ட பலம் உண்டு.

செம்மண்பாதை

இழைக்குக் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் இப்போது சஃபோக்கில் 'மேனர் ஃபார்ம்' என்று பெயருள்ள ஒரு பழைய பண்ணையின் களஞ்சியத்தில் வாடகைக்கு இருக்கிறோம். கூரை விட்டங்களில் பழைய ஆசாரிகளின் வெட்டுக்குறிகள் தெரிகின்றன. தினமும் என் மகள் அவற்றை எண்ணுவாள். இங்கே யார் இருந்தார்கள் என்று எப்படித் தேடுவது?

மரக்கால்

சகோதரி, பின்னாலிருந்து முன்னால் போங்கள். அதுதான் சுலபம்.

1941-43 போர்க்கால விவசாயக் கணக்கெடுப்பு முதலில். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு படிவம். குத்தகைக்காரர் பெயர், உரிமையாளர் பெயர், எத்தனை ஏக்கர், தண்ணீர் எங்கிருந்து, மின்சாரம் உண்டா என்பதெல்லாம் இருக்கும். அதிகாரி விவசாயிக்கு ஏ, பி, சி என்று தரமும் போட்டிருப்பார். லண்டனில் க்யூ தேசிய ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். அடுத்து 1910 நில மதிப்பீட்டுக் கணக்கு, அதுவும் அங்கேயே. பிறகு 1836 சட்டத்தால் வந்த தைத் வரைபடங்கள். தைத் என்பது விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் தேவாலயத்துக்குக் கட்டியது. அவற்றில் ஒவ்வொரு வயலுக்கும் எண், உரிமையாளர், அனுபவிப்பவர் என்று இரண்டு தனிப் பத்திகள். இந்த இழையின் கேள்வியே அந்த இரண்டு பத்திதான்.

அதற்கு முன்னே போக மேனர் ரோல்கள் வேண்டும். எந்த மேனரின் ஆவணம் எங்கே இருக்கிறது என்று தேசியக் காப்பகம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது, வீட்டிலிருந்தே தேடலாம். 1733 வரை பெரும்பாலும் லத்தீன், சுருக்கெழுத்து வேறு. பயப்படாதீர்கள். ஒரே வாசகம்தான் திரும்பத் திரும்ப வரும், பத்துப் பக்கம் பார்த்தால் கண் பழகிவிடும். பெயரை மட்டும் பிடித்தால் போதும்.

செம்மண்பாதை

ரொம்ப நன்றி. இந்த வாரமே சஃபோக் பதிவேட்டில் தேடுகிறேன். மகளையும் கூட்டிக்கொண்டு க்யூவுக்குப் போக நாள் பார்த்தாயிற்று.

வரப்போரம்

எனக்கும் உதவிய பட்டியல். லாக்ஸ்டனின் மான்வர்ஸ் ஆவணங்கள் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அடுத்த மாதம் போக அனுமதி கேட்டிருக்கிறேன்.

பாக்கி இருக்கும் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் போருக்குப் பிறகு, 1952இல், ஆறாவது மான்வர்ஸ் பிரபு லாக்ஸ்டனை அரசின் விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். தெரிந்தே அரசுக்கு விற்றார். வேறு யாருக்குப் போனாலும் வயல்கள் சிதறிவிடும் என்ற கவலை இருந்தது. 1955இல் அவர் ஆண் வாரிசு இல்லாமல் இறக்க, பட்டமும் முடிந்தது. 1981இல் அமைச்சகம் விற்க முடிவெடுத்தபோது ஊரில் பெரிய கலக்கம். அரச முடிக்குரிய நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் வாங்கியது, பழைய முறையைக் காப்போம் என்ற ஏற்பாட்டோடு. அதுவும் 2018இல் விற்பனைக்கு வந்தது. 2020இல் வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட். மான்வர்ஸ் குடும்பத்தின் பழைய எஸ்டேட்டே அதுதான். 68 வருடம் வெளியே சுற்றிவிட்டு நிலம் அதே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

இத்தனை கைமாற்றத்திலும் ஒவ்வொரு குத்தகையிலும் பட்டைகள் சேர்ந்தேதான் போயின. பண்ணையை எடுக்கிறவர் மூன்று வயலிலும் தன் பங்குப் பட்டைகளையும், ஜூரியில் உட்காரும் கடமையையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். டோக்கி, ஆல்செலின், கோர்ட்டன், சட்லி, அமைச்சகம் என்று பெயர்ப் பட்டியல் நமக்கு மனப்பாடமாகிவிடும். ஆனால் எந்த வயல் எப்போது தரிசு, யார் சால் எங்கே முடிய வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் இந்தப் பன்னிரண்டு பேரின் முன்னோர்கள். பண்ணைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, பிள்ளைகள் எல்லோரும் விவசாயத்துக்கு வருவதில்லை. பன்னிரண்டு பேரைச் சேர்ப்பதே ஒருநாள் கஷ்டமாகிவிடுமோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

அன்றைக்குக் கிளம்பும்போது, ஒரு கண்ணை மூடிப் பார்த்த அந்தப் பெரியவர் பூட்ஸ் சேற்றை வயல் ஓரத்திலேயே தட்டிவிட்டு வண்டியில் ஏறினார். ஏன் என்று கேட்டேன். "மண் இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

இந்த நவம்பர் கடைசி வியாழனும் போகப் போகிறேன். காரில் மூன்று இடம் இருக்கிறது. கிளைநதி, கடலோடி அண்ணா, வருகிறீர்களா? முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம்.

கடலோடி

ஒரு இடம் எனக்கு. பூட்ஸ் இருக்கிறது.

கிளைநதி

எனக்கும் ஒன்று. பூட்ஸ் வாங்கிவிடுகிறேன்.